ஆறரை இன்ச்சின் மூன்றாவது சீசனும் என் தம்பியின் கல்யாணமும்

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பனியில் நின்று படம் எடுத்து அனுப்புவதைப் பார்த்து, எங்கள் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அப்படித்தான் கழிகிறது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். படம் எடுத்து முடித்ததும் குளிர் தாங்காமல் வீட்டுக்குள் ஓடிவந்து துணி மடிக்கிறோம். நான் இருக்கும் இந்த ஜெர்மன் சிற்றூரில் ஞாயிறன்று கடை கிடையாது, ஆணி அடிக்கக்கூடாது, கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து யார் என்று பார்ப்பார். சத்தமில்லாமல் செய்யக்கூடிய ஒரே வேலை துணி மடிப்பதுதான். அதைச் செய்துகொண்டே நானும் என் மகள் யாழினியும் ‘ஆறரை இன்ச்’ பார்ப்போம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு வெப் சீரிஸ். திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போடும் ஒரு குடும்பத்தின் கதை. போர்க்குழியின் அகலம் ஆறரை இன்ச் என்பதால் அந்தப் பெயர். லாரியை நடத்தும் தங்கவேலு என்ற தம்பி, அவனை எழுந்தால் உட்கார்ந்தால் அதட்டும் அக்கா, இவர்கள் சண்டையில் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் முழிக்கும் அம்மா. பாதி சிரிப்பு, பாதி அழுகை.

எங்கள் வீடும் ரிக் லாரி வீடுதான். அப்பா மத்தியப் பிரதேசத்துப் பாறைகளையெல்லாம் துளைத்துவிட்டு வந்தவர். இப்போது லாரி என் தம்பி செந்திலிடம் இருக்கிறது. அதனால் முதல் சீசனைப் பார்த்தபோது யாரோ எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒளிந்திருந்து எழுதியது போல இருந்தது. தங்கவேலு ஒவ்வொரு முறையும் ‘என்ற அக்கா’ என்று சொல்லும்போது நான் இங்கே சட்டையை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ‘என்னுடைய அக்கா’ என்றால் அது வெறும் தகவல். ‘என்ற அக்கா’ என்றால் அதில் கொஞ்சம் உரிமை, கொஞ்சம் திமிர், தொட்டால் தெரியும் சேதி என்ற மிரட்டல் எல்லாம் இருக்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாழினி இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அவளுக்கு அணில், ஆடு, இலை வரைக்கும்தான் சொல்லிக் கொடுத்தது. பேச்சு வந்தது ஆறரை இன்ச்சால்தான். ஒரு பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய டீச்சர் என்னைத் தனியாக அழைத்து, “உங்கள் மகளிடம் எதைக் கேட்டாலும் முதலில் ‘ஆமாங்’ என்று ஒரு சத்தம் எழுப்புகிறாள். மூச்சு விடுவதில் ஏதாவது சிரமமா?” என்று விசாரித்தார். அது எங்கள் ஊர் மரியாதை என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். இந்த ஊரில் எதையும் குறித்துக்கொள்வார்கள்.

2

மூன்றாவது சீசனை நாங்கள் எதிர்பார்த்தது வேறு காரணத்துக்காகவும். அதில் எங்கள் லாரி நடித்திருக்கிறது.

படப்பிடிப்புக்கு ஒரு ரிக் லாரி வேண்டும் என்று ஆள் வந்ததும் செந்தில் கொடுத்துவிட்டான். கொடுத்ததோடு நிற்காமல் தானும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்குத் தெரியாமல் யாராவது லிவரைத் தொட்டுவிடுவார்கள் என்ற பயமாம். எபிசோடுகள் வெளியான அன்று காலையில் நான் பல் விளக்குவதற்குள் அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது.

“ஏஞ்சாமி, பாத்தியா? நம்ம லாரி வந்துச்சா?”

“இன்னும் பாக்கலீங்மா. இங்க இப்பத்தான் விடியுது.”

“இன்னுமா விடியல? சீக்கிரம் பாரு. லாரிக்கு மாலையெல்லாம் போட்டிருக்குதாம். உங்கப்பா போட்டோவுக்குக்கூட அத்தாப்பெரிய மாலை போட்டதில்ல.”

பார்த்தேன். என்னத்தைச் சொல்ல! லாரி நன்றாகத்தான் நடித்திருந்தது. மற்றவர்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

முதலில், தங்கவேலு போர் ஓடும்போது லாரி பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறான். சட்டை வெள்ளையாகவே இருக்கிறது! பாறைப் பொடி பறந்து மூக்கு, காது, கண் இமை எல்லாம் சாம்பல் பூசி, வீட்டுக்கு வரும்போது நாயே குரைக்கும் நிலையில்தான் நாங்கள் அப்பாவைப் பார்த்து வளர்ந்தோம். அடுத்து, கதையைப் பல வருடம் தாண்டவிட்டு, அந்த அக்காவை வெளிநாட்டுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் அங்கே பெரிய கண்ணாடிச் சன்னல் ஓரம் நின்று காபிக் கோப்பையோடு ஊரை நினைக்கிறாள். துணி மடிக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. திருச்செங்கோட்டு மலையை ட்ரோனில் எடுத்து, இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் செருகியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட மோசம் பேச்சு. தங்கவேலுவுக்குச் சென்னைத் தமிழ் வந்துவிட்டது. ‘என்ற அக்கா’ போய் ‘என்னோட சிஸ்டர்’ ஆகிவிட்டது. அதைக் கேட்டபோது யாரோ ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கியது போல இருந்தது.

யாழினிக்கு இந்த சீசன்தான் மிகவும் பிடித்திருக்கிறது. அக்காவின் மகளாக வெளிநாட்டில் வளரும் ஒரு பெண் அதில் வருகிறாள். அவள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசி எல்லோரையும் நக்கல் செய்கிறாள்.

“அவ என்னை மாதிரியே இருக்கா. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?” என்றாள் யாழினி.

“பேச்சே சரியில்ல கண்ணு.”

“எனக்கு எல்லாம் புரியுது. மொத சீசன் பாக்கறப்ப நான் பாதி சப்டைட்டில் படிச்சுத்தான் பாத்தேன். உனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். நான் தமிழ் கற்றுக் கொடுத்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வருடங்களில் அவள் திரையின் அடியில் ஓடிய ஜெர்மனைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் சேர்த்து அந்த சீசன் மேல் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் எங்கள் தமிழ்ச்சங்க வாட்ஸப் குழுவில் ஒரு விமர்சனம் எழுதினேன். எங்கள் பக்கம் போர் போட்டுத் தண்ணீர் வராமல் வெறும் பொடி பறந்தால் ‘புகை’ என்பார்கள். ‘இதுவரை பார்த்தது ஆறு எபிசோடு. ஆறும் புகை. ரிக்கை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம்’ என்று முடித்தேன். நன்றாக எழுதியதாக எனக்கே ஒரு திருப்தி. அது யார் யார் கை மாறியோ மறுநாள் காலையில் திருச்செங்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா கூப்பிட்டு, “லாரியப் பத்தி ஒரு வார்த்த நல்லதா எழுதியிருக்கலாமல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். செந்தில் கூப்பிடவே இல்லை. அது புதிது. வாரம் ஒருமுறையாவது, ஒன்றுமில்லாத விஷயத்துக்காகவாவது கூப்பிடுகிறவன் அவன்.

3

ஏழாவது எபிசோடைப் பற்றிச் சொல்லும் முன் செந்திலின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாழினி என் மடியில் உட்காரும் வயதில் இருந்தபோது நடந்தது அது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஒரு சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வான், கூடப் பிறந்தவள் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். சீர்களை நடத்தி வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம், அவர் முன்னால் நின்று செய்து வைப்பார். நாளைக்குப் புதுப் பெண்டாட்டி வந்துவிட்டாலும் கூடப் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று சபையில் வைத்துச் சொல்வதுதான் அது. அந்தச் சேலை அவளுக்கே சொந்தம். செந்திலுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அவன் கால்சட்டை போட்ட காலத்திலிருந்தே, “நீ சரியாப் புடிக்கோணும், பாதியில உட்டுட்டு சாப்புடப் போயிடக்கூடாது” என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. புது அட்டை கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாமல் போகலாம் என்றார்கள். அலுவலகத்துக்குப் போய், நான் அப்போது வைத்திருந்த அரைகுறை ஜெர்மனை எல்லாம் திரட்டி, “நான் இல்லாமல் என் தம்பி கல்யாணம் செய்துகொள்ள முடியாது” என்றேன்.

அங்கே இருந்த அம்மையார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “அவர் இன்னும் மேஜர் ஆகவில்லையா?” என்றார்.

“இருபத்தெட்டு.”

“அப்படியானால் நீங்கள் சாட்சியா?”

“இல்லை. நான் ஒரு சேலையின் முனையைப் பிடிக்க வேண்டும்.”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, “அதை வேறு யாராவது பிடிக்க முடியாதா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதற்கான ஜெர்மன் தெரியவில்லை. என் கணவர் பிரகாஷ் வெளியே வந்து எனக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். நான் சாலையில் நின்று அழுதேன். இங்கே சாலையில் நின்று அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

செந்தில்தான் வழி கண்டுபிடித்தான். வீடியோ கால் போட்டு, போனை நான் உட்கார வேண்டிய இடத்தில் வைத்துவிடுவது. போன் நேராக நிற்க வேண்டுமே, அதற்காக ஒரு படி நிறைய நெல் போட்டு அதில் போனைச் செருகினார்கள். நான் இங்கே விடியற்காலையில் பட்டுச் சேலை கட்டி, யாழினிக்குப் பாவாடை போட்டு, மேசைமுன் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. செந்தில் தெரிந்தான், தலைப்பாகை தெரிந்தது, பின்னால் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது.

அருமைக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். முறை தவறாதவர். சீரில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் நெற்றியில் சந்தனம் வைக்க வேண்டும், வைத்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. குனிந்து போனை உற்றுப் பார்த்தார். நெற்றி எது என்று தேடுகிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. போனின் தலைப்பகுதியில், நட்ட நடுவில், கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. அங்கே நன்றாக அழுத்தி வைத்துவிட்டார்.

அது கேமரா. அதன் பிறகு எனக்கு உலகம் மஞ்சளாகிவிட்டது. “ஐயா, தொடைங்க, தொடைங்க!” என்று நான் கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மங்கல வாழ்த்துப் பாடும் சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. யாரோ பெரியம்மா குரலில் ஏதோ சொன்னார்கள். அப்புறம் இணைப்பு அறுந்துவிட்டது. மதியம் அம்மா கூப்பிட்டு, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங் சாமி” என்றார்.

சந்தனக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் குடும்பமே சிரித்திருக்கிறோம். ஆனால் கல்யாண ஆல்பம் வந்தபோது அதில் இணைச்சீர்ப் பக்கத்தில் என் பெரியப்பா மகள் கவிதா சேலை முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படியும் இல்லை, போனும் இல்லை. அந்தப் பக்கத்தை நான் ஒருமுறைதான் பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவார்களே. இடையில் இரண்டு முறை ஊருக்கும் போய் வந்தேன். செந்தில் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டி தூக்கினான், எனக்குப் பிடித்த கடையில் புரோட்டா வாங்கிக் கொடுத்தான். இணைச்சீரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

4

இனி ஏழாவது எபிசோடு. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். யாழினி போட்டுவிட்டாள். மடிக்க வேண்டிய துணியும் நிறைய இருந்தது.

தங்கவேலுவுக்குக் கல்யாணம். அக்கா வெளிநாட்டில், வர முடியவில்லை. அவள் இடத்தில் ஒரு படி. படியில் நெல். நெல்லில் ஒரு போன்.

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையணை உறையைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருமைக்காரர் வந்தார். குனிந்தார். நெற்றியைத் தேடினார். சந்தனம் வைத்தார்.

“அம்மா, இது நீ!” என்று யாழினி கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது.

முதலில் எனக்கு வந்தது நல்ல கோபம். என் மானத்தை வாங்குவதற்குத் தம்பியே போய்க் கதை கொடுத்திருக்கிறான். அதனால்தான் ஆள் போன் செய்யவில்லை. சரி, எல்லோரும் சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் காட்சி அங்கே முடியவில்லை. என் திரை மஞ்சளான பிறகு நடந்தது அங்கே தொடர்ந்தது.

இணைப்பு அறுந்துபோகிறது. ஒரு பெரியம்மா, “போனு செத்துப்போச்சு. நேரம் போகுது, நம்ம புள்ளைல ஒருத்திய உக்கார வைங்க” என்கிறார். ஒரு பெண் எழுந்து வருகிறாள். தங்கவேலு படிமேல் கையை வைத்து மறைக்கிறான். அந்த சீசன் முழுக்கச் சென்னைத் தமிழ் பேசியவன், அந்த ஒரு இடத்தில் மட்டும், “ஆரும் வரவேண்டாம். என்ற அக்கா இங்கதான் உக்காந்திருக்குறா” என்கிறான். சேலையின் மறுமுனையைப் படியைச் சுற்றிக் கட்டுகிறான். இருண்டுபோன அந்தப் போனோடுதான் இணைச்சீர் நடக்கிறது.

அந்த வசனம் எழுத்தாளர் எழுதியது இல்லை என்று எனக்குச் சத்தியமாகத் தெரியும். அது செந்திலின் வாய். கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தலையணை உறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்படியானால் ஆல்பம்? ஒருவேளை படம் எடுப்பவர், போனை வைத்து எடுத்தால் நன்றாக இருக்காது என்று கவிதாவை அப்புறமாக உட்கார வைத்திருப்பாரோ? இத்தனை வருடமாக நான்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேனோ? யாழினி அதே காட்சியைத் திரும்பப் போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

5

செந்திலைக் கூப்பிட்டேன். கெங்கவல்லிப் பக்கம் போர் ஓடிக்கொண்டிருந்தது. காது கிழியும் சத்தத்துக்கு நடுவே, “போர் பாயிண்டுல இருக்கறேன்க்கா, அப்பறமேட்டுக் கூப்புடறேன்” என்று வைத்துவிட்டான். அவன் திரும்பக் கூப்பிட்டபோது போர்ச் சத்தம் இல்லை. தம்மம்பட்டி வழியில் லாரியை ஓரம் கட்டி, கேபினில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“ஏழாவது பாத்துட்டியா?” என்றான்.

“பாத்தேன். செந்தில், எது நெசம்? அதுல வர்றதா, ஆல்பத்துல இருக்கறதா?”

வழியில் போன ஒரு பஸ்ஸின் ஹாரன் அடங்கியதும் ஆரம்பித்தான்.

“அந்த எழுதறவரு நல்ல மனுசருக்கா. ஷூட்டிங்ல என்றகூடத்தான் டீ குடிப்பாரு. உங்கூட்டுக் கல்யாணத்துல வேடிக்கையா ஏதாச்சும் நடந்துச்சான்னு கேட்டாரு. சந்தனத்தச் சொன்னேன். உழுந்து உழுந்து சிரிச்சாரு. சிரிச்சுப்போட்டு, அப்பறம் என்னாச்சுன்னு கேட்டுப்போட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“பெரியம்மா சொன்னாங்க, கவிதா வந்து உக்காந்துச்சு, நான் குனிஞ்ச தல நிமிரலன்னு சொல்லோணும். வாயே வரல. அன்னைக்கும் வாய் வரலக்கா. அத்தன பேரு உக்காந்திருக்கறாங்க, பொண்ணு ஊட்டுக்காரங்க பாக்கறாங்க, நான் என்னத்தப் பேசறது? அதான் அவருகிட்ட, நான் எந்திரிச்சு மாட்டேன்னு சொன்னதாச் சொல்லிப்போட்டேன். அவரு அத அப்படியே எடுத்துட்டாரு.”

அப்படியென்றால் கவிதாதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததற்கு அதே பதில்தான். ஆனால் நான் பயந்த மாதிரி அது வலிக்கவில்லை. ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடத்தில், யாரோ ஒரு நடிகன் வாயால், அன்றைக்குச் சொல்ல முடியாததை என் தம்பி சொல்லிவிட்டான்.

“ஏன்டா, இதை எங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு ஒரு சீசன் வேணுமா?” என்றேன். அழுதுகொண்டேதான் கேட்டேன்.

“நீ ஆறு எபிசோடும் புகைன்னு எழுதிப்போட்ட. ஏழாவதப் பாக்காமயே உட்டுருவியோன்னு எனக்குப் பயமாப் போச்சு. நீயே பாத்துட்டுக் கூப்புடோணும்னுதான் நான் கூப்புடல.”

அப்புறம்தான் சேலை விஷயம் வெளியே வந்தது. அது வீட்டு பீரோவிலேயே இருக்கிறதாம். கல்யாணம் முடிந்த அன்றே கவிதா அதை மடித்து அம்மா கையில் கொடுத்து, “இது அக்காளுது, எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டாளாம். அம்மா அவளுக்கு வேறு சேலை எடுத்துக் கொடுத்தாராம். கவிதாவின் மேல் நான் வைத்திருந்த சின்ன முறைப்பை அன்றே கைவிட்டேன்.

“நான் ரெண்டு தடவ வந்தனே, ஏன்டா குடுக்கல?”

“குடுத்தா நீ கேப்ப. கேட்டா நான் சொல்லோணும். இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே, அனுப்பிச்சு உடறேன்.”

வாட்ஸப் குழுவில் என் விமர்சனத்தை நான் மாற்றவில்லை. வெள்ளைச் சட்டையை மன்னிக்க முடியாது. ‘ஏழாவதில் தண்ணீர்’ என்று ஒரு வரி மட்டும் கீழே சேர்த்தேன்.

6

சேலை வந்தது. வீட்டுக்கு வரவில்லை, பக்கத்து ஊர்ச் சுங்க அலுவலகம் வரைக்கும்தான் வந்தது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று நேரில் வந்து காட்டும்படி தபால். பள்ளி விடுமுறையாக இருந்ததால் யாழினியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். என் ஜெர்மன் இப்போது பரவாயில்லை. ஆனாலும் சீருடையைப் பார்த்தால் வினைச்சொல்லெல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும், அதனால் அவள் வேண்டும்.

அதிகாரி இளம்வயதுக்காரர், வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். மிகவும் மரியாதையாக ஒரு கத்தியைக் கொடுத்து, பொட்டலத்தை நீங்களே பிரியுங்கள் என்றார். பிரித்தேன். அரக்குப் பட்டு, மாம்பழ நிறக் கரை. நான் இதுவரை தொட்டிராத என் சேலை. அதை நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அது கனத்தது. பட்டுக்கு இவ்வளவு கனம் கிடையாது.

“உள்ளே பொடி போல ஏதோ இருப்பதாக இயந்திரத்தில் தெரிகிறது” என்றார் அதிகாரி.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குத் துணி மட்டும் அனுப்பினார்கள் என்று சரித்திரமே கிடையாது. மடிப்புக்கு மடிப்பு எதையாவது செருகாவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் என்ன பொடி என்று உறுதியாகத் தெரியாமல் அரசாங்கத்திடம் எப்படிச் சொல்வது? யாழினி தன் போனில் மாமாவுக்கு வீடியோ கால் போட்டாள். செந்தில் முகம் வந்தது. பின்னால் நாங்கள் பார்த்து வளர்ந்த அதே லாரி.

“மாமா, சேலைக்குள்ள என்னங் மாமா இருக்குது?”

“அம்மிச்சி இட்லிப்பொடி வெச்சுதுங் கண்ணு. எள்ளுப்பொடியும் வெச்சுது. நான் வேண்டாம்னேன், கேக்கல.”

அம்மிச்சி என்றால் பாட்டி, என் அம்மா. யாழினி மாமா சொன்னதை ஜெர்மனில் சொன்னாள். பருப்பு, மிளகாய், எள் என்று அவள் வரிசையாக அடுக்க, அதிகாரி தலையாட்டிக்கொண்டே, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காட்டுங்கள் என்றார். சேலையைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு மடிப்புக்கு ஒரு பாக்கெட் விழுந்தது. மேசை முடிந்துவிட்டது, சேலை முடியவில்லை. முந்தானை தரையில் சரியப் போனதைப் பார்த்து, அந்த நல்ல மனிதர் சட்டென்று எட்டி அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். நடுவில் அரக்குப் பட்டு முழு நீளத்துக்கும் விரிந்து நின்றது.

“அம்மா!” என்றாள் யாழினி, போனை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு. “இணைச்சீர்!”

போனிலிருந்து செந்தில் குரல் எழும்பியது. “ஆருக்கா அது?”

“ஆபீசருடா.”

“ஆபீசரா இருந்தா இருக்கட்டும். அந்த மொனைய உடச் சொல்லு. அது என்ற மொனைக்கா!”

அதிகாரி என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். வினைச்சொல் எல்லாம் அன்றைக்கு வரிசையாக வந்து நின்றன. “நீங்கள் பிடித்திருக்கும் முனை என் தம்பியுடையது. விட்டுவிடச் சொல்கிறான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு பொருள் யாருடையது என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது. நாலு அடி நடந்து வந்து, யாழினியின் கையிலிருந்த போனின் மேல் அந்த முந்தானையைப் பத்திரமாக வைத்தார். திரை முழுக்கப் பட்டு மூடிக்கொண்டது.

“அக்கா, ஒண்ணுமே தெரியலக்கா” என்றான் செந்தில், சேலைக்கு அடியிலிருந்து.

“எனக்கும் அன்னைக்கு ஒண்ணுந் தெரியலடா” என்றேன். “பேசாம புடிச்சுக்க.”